டச்சு லீக்கில் கடனுக்கு ஆடுவது ஓர் இளம் அமெரிக்கக் கால்பந்து வீரரை உண்மையிலேயே வளர்க்கிறதா?

வளர்க்கிறது என்பதே என் பதில். (கடன் என்றால், ஒரு கழகத்தின் வீரராக இருந்துகொண்டே குறிப்பிட்ட காலம் வேறொரு கழகத்துக்கு ஆடுவது.) ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கடனாகப் பெறும் கழகத்துக்கு அந்த வீரர் ஒவ்வொரு வாரமும் தேவைப்பட வேண்டும். 2022-23 பருவத்தில் அமெரிக்க ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பதை முதல் வேலையாகக் கொண்ட முன்கள வீரர்) ரிகார்டோ பெப்பி டச்சுக் கழகமான குரோனிங்கன் அணிக்கு ஆடியதைத் தொடர்ந்து கவனித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கடன் ஒப்பந்தம் ஓர் இளம் வீரருக்கு எதைத் தரும், எதைத் தராது என்ற இரண்டையும் ஒரே பருவத்தில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு அமெரிக்கர் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பெப்பி 2003 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில், மெக்சிகோ வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். 2021இல் எஃப்.சி. டல்லாஸ் அணிக்காக அமெரிக்காவின் முதல் நிலை லீக்கான மேஜர் லீக் சாக்கரில் 13 கோல்கள் அடித்த அவர், அதே ஆண்டு செப்டம்பரில் ஹோண்டுராஸுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில், தம் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே, கோல் அடித்தார். 2022 ஜனவரியில் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் கழகம் தன் வரலாற்றிலேயே மிக அதிகமான தொகையைக் கொடுத்து அவரை வாங்கியது. அங்கே முதல் அரைப்பருவத்தில் 11 லீக் ஆட்டங்களில் ஆடியும் ஒரு கோல்கூட வரவில்லை. இதற்கு அவருடைய திறமைக் குறைவைக் காரணமாகக் காட்டுவது நியாயமாகாது. ஜெர்மனியின் முதல் நிலை லீக்கான புண்டெஸ்லிகாவில் தங்கியிருப்பதற்கே போராடும் அணி பெரும்பாலான நேரம் தன் பாதியில்தான் நிற்கும். அத்தகைய அணியில் 19 வயது ஸ்ட்ரைக்கருக்குக் கிடைப்பவை கடைசி இருபது நிமிடங்களும், நீண்ட உதையில் வரும் பந்துக்காக இரண்டு தடுப்பாட்டக்காரர்களோடு மோதும் வேலையும்தான்.

2022 ஆகஸ்ட் இறுதியில் அவுக்ஸ்பர்க் அவரை ஒரு பருவத்துக்குக் கடனாக குரோனிங்கனுக்கு அனுப்பியது. வடக்கு நெதர்லாந்தின் பல்கலைக்கழக நகரமான குரோனிங்கனின் கழகம் பெரும் பணக்காரக் கழகம் அல்ல. ஆனால் ஆர்யென் ராபன் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியதும், உருகுவேயிலிருந்து வந்த லூயிஸ் சுவாரெஸ் ஐரோப்பாவில் முதலில் ஆடியதும், விர்ஜில் வான் டைக் முதன்முதலாக முதல்நிலை அணியில் இடம்பெற்றதும் அங்கேதான். இளம் வீரரை முதல் பதினொருவரில் நிறுத்த அஞ்சாத கழகம் அது.

அங்கே பெப்பி 29 லீக் ஆட்டங்களில் 12 கோல்கள் அடித்தார். இந்த எண்ணைவிட, அதே பருவத்தில் குரோனிங்கன் இருந்த நிலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பருவத்தின் நடுவிலேயே பயிற்சியாளர் ஃபிராங்க் வோர்முத் நீக்கப்பட்டார். மே மாதம் அயாக்ஸுக்கு எதிரான ஆட்டம், ரசிகர்கள் வீசிய புகைக்குண்டுகளால் பத்து நிமிடம்கூட நடக்காமல் நிறுத்தப்பட்டது. இறுதியில் 18 அணிகளில் கடைசி இடத்தைப் பிடித்து, 2000ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து ஆடிவந்த முதல் நிலை லீக்கை விட்டு அந்தக் கழகம் கீழே இறங்கியது. இப்படிச் சிதைந்துகொண்டிருந்த அணியில், ஓர் ஆட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ வாய்ப்புகள் மட்டுமே கிடைக்கும் நிலையில், 12 கோல்கள் என்பது முன்னணி அணியில் 20 கோல்கள் அடிப்பதற்குக் குறைந்ததல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவரிடம் என்ன மாறியது என்று கேட்டால், முதலில் பெனால்டி பகுதிக்குள் அவருடைய ஓட்டத்தைச் சொல்வேன். நெதர்லாந்தில் பல அணிகள் ஆளுக்கு ஆள் காவலிட்டு, தடுப்பு வரிசையை மேலே ஏற்றி ஆடுவதால், அந்த வரிசைக்குப் பின்னால் ஸ்ட்ரைக்கருக்கு வெற்றிடம் கிடைக்கும். ஆனால் அந்த இடத்துக்குள் எந்தக் கணத்தில் ஓட வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து கிராஸ் (கோல் முன்னால் அனுப்பப்படும் பந்து) வரும்போது முதலில் தூரக் கோல் கம்பத்தை நோக்கி ஓரடி வைத்துக் காவலரைத் திருப்பிவிட்டு, பிறகு அருகிலுள்ள கம்பத்துக்கு முன்னால் பாயும் நுட்பம் பயிற்சித் திடலில் மட்டும் படிந்துவிடாது. இந்த வாரம் தவறவிட்டாலும் அடுத்த வாரமும் நாம்தான் ஆடப்போகிறோம் என்ற உறுதி இருக்கும்போதுதான் அது உடம்பில் பதிகிறது. அவுக்ஸ்பர்கில் கிடைக்காத அந்த உறுதியை குரோனிங்கன் கொடுத்தது.

ஆனாலும் 2022 நவம்பரில் கத்தார் உலகக் கோப்பைக்கான அமெரிக்க அணியை அறிவித்த பயிற்சியாளர் கிரெக் பெர்ஹால்டர், பெப்பியைச் சேர்க்கவில்லை. அது தவறான முடிவு என்று அன்று எனக்குத் தோன்றியது; இன்றும் அப்படியே தோன்றுகிறது. அவர் மனம் தளராமல் குரோனிங்கனில் கோல் அடித்துக்கொண்டிருந்ததும், 2023 மார்ச்சில் தேசிய அணிக்குத் திரும்பி கிரெனடாவுக்கு எதிராக இரண்டு கோல்களும், எல் சால்வடாருக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலும் அடித்ததும் அந்தக் கடன் பருவத்தின் பலன்களாகவே எனக்குத் தெரிகின்றன.

டச்சு லீக்கின் கோல்களை நம்ப முடியாது என்று சொல்வோர் இன்னொரு அமெரிக்க ஸ்ட்ரைக்கரான ஜோசி ஆல்டிடோரைக் காட்டுவார்கள். அவர் 2012-13இல் ஏ.இசட். அல்க்மார் அணிக்காக 23 லீக் கோல்கள் அடித்துவிட்டு, பிறகு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ஒன்றரைப் பருவத்தில் ஒரே ஒரு லீக் கோல் அடித்தார். இந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் சண்டர்லாந்தில் அவருக்கு நேர்ந்தது, அவுக்ஸ்பர்கில் பெப்பிக்கு நேர்ந்ததேதான்: பந்து வந்து சேராத அணியில் தனித்து நிற்க வேண்டியிருந்தது. அடுத்த அணியைப் பிழையாகத் தேர்ந்தால், முந்தைய லீக்கில் கற்றது அங்கே பயன்படாது.

அந்த வகையில் பெப்பி நன்றாகவே தேர்ந்தார். 2023 கோடையில், அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பிலிருந்து வந்திருந்த எர்னி ஸ்டூவர்ட் இயக்குநராக இருந்த டச்சுக் கழகம் பி.எஸ்.வி. ஐந்தோவன் பெப்பியை வாங்கியது. அவுக்ஸ்பர்க் தான் கொடுத்ததைவிட மிகக் குறைவான தொகைக்கே அவரை விற்றது. கடனால் வீரர் பெற்ற அளவுக்குத் தாய்க்கழகம் பெறவில்லை. ஐந்தோவனில் முதல் பருவத்தை, அணியின் முதன்மை ஸ்ட்ரைக்கரான லூக் டி யோங்குக்குப் பின்னால் பெரும்பாலும் மாற்று வீரராகவே கழித்தார். அடுத்த பருவத்தில் முழங்கால் காயம் நிறுத்தும்வரை 18 லீக் ஆட்டங்களில் 11 கோல்கள். 2024 நவம்பரில் சாம்பியன்ஸ் லீக்கில் உக்ரைனின் ஷக்தாருக்கு எதிராக, 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் வெற்றிக் கோல் அடித்தவரும் அவரே.

அதே 2023இல் பயர்ன் மியூனிக்கிலிருந்து அமெரிக்க அணி வீரர் மாலிக் டில்மனும் கடனாக ஐந்தோவன் வந்தார். பட்டம் வென்ற அணியிலும் இடம்பிடித்து, பிறகு நிரந்தரமாக வாங்கப்பட்டார். ஆக, கடைசி இடத்து அணிக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போகும் கழகத்தில் நம் வீரர் ஆடும் இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறார், அவருக்கு என்ன வயது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

வயது தொடர்பாக ஒன்று மட்டும். ஐரோப்பியக் குடியுரிமை இல்லாத வீரருக்கு 20 வயதானதும், நெதர்லாந்தின் முதல் நிலை லீக் சராசரி ஊதியத்தில் ஒன்றரை மடங்கைக் குறைந்தபட்ச ஊதியமாகக் கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. 18, 19 வயதினருக்கு அதில் பாதி போதும். அதனால் ஐரோப்பியக் கடவுச்சீட்டு இல்லாத அமெரிக்க இளைஞர் ஒருவர் சிறிய டச்சுக் கழகத்துக்குக் கடனுக்குச் செல்ல நினைத்தால், 20 வயதாகும் முன்பே சென்றுவிடுவதே நல்லது. அதன் பிறகு அவருக்காகச் செலவிடும் துணிவு அத்தகைய கழகங்களில் சிலவற்றுக்கே இருக்கும்.