கரைக்கச் சாம்பல் இல்லை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் அப்பா காலமானார். 78 வயது. பெரியார் தொண்டர். மாலை மாற்றித்தான் கல்யாணம். அம்மா ஆசைப்பட்டதால் தாலியும் கட்டியிருக்கிறார். அம்மாவுக்குப் பக்தி அதிகம். வெள்ளிக்கிழமைதோறும் அப்பாதான் டிவிஎஸ் 50-இல் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் ‘விடுதலை’ படித்துக்கொண்டு காத்திருப்பார்.

அவர் எழுதிவைத்தபடி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம். பதினாறாம் நாள் காரியம் செய்யவேண்டும் என்று அம்மா கேட்டார். “எரிக்கவும் இல்ல, புதைக்கவும் இல்ல. எதக் கொண்டுபோய்க் கரைக்கிறது?” என்று அழுதார். அப்பாவுக்குச் செய்யும் துரோகம் அது என்று மறுத்துவிட்டேன். ஐயர், படையல் எதுவும் இல்லை. அம்மாவுக்குச் செய்யவேண்டிய சடங்கை மட்டும் பெண்கள் உள்ளே முடித்துக்கொண்டார்கள். அதில் நான் தலையிடவில்லை. அன்றிலிருந்து அம்மா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மேலைநாடுகள் மதத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டன. இந்தக் காலத்து வாழ்க்கையில் நம்பிக்கைக்கு இன்னும் என்ன இடம்? நான் செய்தது சரிதானே?

(பெயர் வெளியிடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

மேலைநாடுகளை முதலில் ஒதுக்கிவிடுவோம். இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் 26 கிறிஸ்தவ ஆயர்களுக்கு இன்றும் இருக்கை உண்டு. சார்ல்ஸ் பிராட்லா என்ற நாத்திகர் அந்த நாட்டின் மக்கள் சபைக்கு 1880-இல் தேர்தலில் ஜெயித்தும், கடவுள் பெயரால் பிரமாணம் எடுப்பதில் வந்த தகராறு இழுத்துக்கொண்டே போய் 1886-இல்தான் நிம்மதியாக உட்கார முடிந்தது. யாரும் எதையும் அவ்வளவு சுளுவாகத் தாண்டிவிடவில்லை. நம் ஊரில் இன்னொரு குழப்பம். 1976-இல் வந்த 42ஆவது திருத்தம் அரசியல் சட்ட முகவுரையில் மதச்சார்பின்மையைச் சேர்த்தது. குடிமக்களின் கடமைகளில் அறிவியல் மனப்பான்மையைச் சேர்த்ததும் அதே திருத்தம்தான். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டோம். முன்னது அரசாங்கத்துக்கான விதி. உங்கள் அம்மாவின் பூஜையறையில் அதற்கு வேலை இல்லை.

உங்கள் கேள்வியைவிட அம்மாவின் கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எதைக் கொண்டுபோய்க் கரைப்பது? ஐம்பது வருஷம் கூடவே இருந்த மனிதர் ஒரு வேனில் ஏறிப் போய்விட்டார். கையில் ஒரு பிடி சாம்பல்கூட இல்லை. இதில் கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்கு எங்கே இடம்?

இந்தச் சிக்கல் நம்மவர்களுக்குப் புதிதும் இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்கும் முறையைக் கருட புராணமே சொல்கிறது. கல்லை நட்டு, அதையே இறந்தவராக வைத்துத் தண்ணீர் ஊற்றி, கடைசியில் எடுத்து ஆற்றில் விடுகிற வழக்கம் நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், கொல்லையில் கிடக்கும் ஒரு செங்கல்லை அம்மா கையில் கொடுத்திருக்கலாம். ஆத்மா பசியோடு அலையும் என்று நானும் நம்பவில்லை. செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்ற அந்த நம்பிக்கை எனக்குத் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் உடற்கூறியல் கூடத்தில் உறுதிமொழி. பல கல்லூரிகளில் இப்போது இது வழக்கம். கத்தியைத் தொடுவதற்கு முன்பு, உடலைக் கொடுத்தவரையும் அவர் குடும்பத்தையும் மதிப்போம் என்று சொல்லவைக்கிறார்கள். ஃபார்மலின் நெடியில் எனக்குக் கண் எரிந்து நீர் வழிந்தது. எஃகு மேசை, வெள்ளைத் துணி, அதன்மேல் சாமந்தி மாலை. “இவர்தான் உங்கள் முதல் ஆசிரியர்” என்றார் பேராசிரியை. எல்லோரும் கலையும்போது ஒரு பெண் மேசை விளிம்பைத் தொட்டு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்த பையன் ஒருவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, கீழே உதிர்ந்திருந்த பூவைப் பொறுக்கி மறுபடி துணிமேல் வைத்தான். அவன் சாமி கும்பிடுகிறவனா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அப்பாவும் அப்படியொரு மேசையில்தான் இருக்கிறார். கல்லூரிக்காரர்கள் போட்டால் மரியாதை, அம்மா போட்டால் மூடநம்பிக்கையா அந்த மாலை?

ஐயரைக் கூப்பிடாதது சரி. அப்பா வாழ்நாளெல்லாம் வேண்டாம் என்றதை அவர் பெயரிலேயே செய்வது அநியாயம். அதில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்களே, “அம்மாவுக்குச் செய்யவேண்டிய சடங்கு” என்று. அது என்ன என்று உங்களுக்குத் தெரியும். தலை நிறையப் பூ வைத்து, பொட்டு வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பிறகு ஒவ்வொன்றாக அழித்து, உடைத்து, தாலியைக் கழற்றிப் பாலில் போடுவார்கள். செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அதை அனுபவித்த பெண்கள். அடுத்த அறையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், கைம்பெண் மறுமணம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. உங்கள் அப்பா அந்த வழியில் வந்தவர். அவர் மாலை மாற்றிய கல்யாணத்தைச் செல்லுபடியாக்கிய சட்டம், அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறியது, மாலையோ மோதிரமோ தாலியோ எதுவானாலும் போதும் என்கிறது. அவரும் அப்படித்தான் மனைவி கேட்டார் என்று தாலி கட்டினார். இந்தத் தாலி அவருக்கு அடிமைச் சின்னமாக இருந்திருக்காது. அந்த அம்மாளின் விருப்பம், அவ்வளவுதான். அதைப் பறித்தபோது விருப்பத்தை யாராவது கேட்டார்களா? படையலுக்கு முன்னால் அவ்வளவு விறைப்பாக நின்ற பகுத்தறிவு, அங்கே ‘பொம்பளைங்க விஷயம்’ என்று எழுந்து போய்விட்டது. எனக்குக் கோபம் வந்த இடம் இது ஒன்றுதான். நீங்கள் மறுத்த காரியத்தில் யாருக்கும் காயமில்லை. விட்டுக்கொடுத்த சடங்கில் இருந்தது.

அந்தத் தாலி வீட்டில்தான் எங்காவது டப்பாவில் இருக்கும். விசாரித்து எடுத்து அம்மா முன்னால் வையுங்கள். போட்டுக்கொள்வதும் விடுவதும் அவர் இஷ்டம். சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அப்பா அதையெல்லாம் கேட்டுப் பழகியவர், நீங்களும் பழகிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மாவை இப்போது யார் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த டிவிஎஸ் 50 ஓடுகிற நிலையில் இருக்கிறதா?

அன்புடன்.