துடுப்பு படகை எப்படி நகர்த்துகிறது?

நீண்ட கோல், அதன் நுனியில் அகன்ற பலகை: துடுப்பு என்பது இவ்வளவுதான். பலகை நீரைப் பின்னே தள்ளும்போது நீர் அதே விசையுடன் பலகையை முன்னே தள்ளுகிறது; அதைப் பிடித்திருப்பவரோடு படகும் முன்னேறுகிறது. அகலம் எதற்கு? நீருக்குள் கையைக் கத்திபோல வீசினால் எளிதாக வெட்டிக்கொண்டு போகும். உள்ளங்கையைத் திருப்பினால் தடை தெரியும். அந்தத் தடைதான் நமக்கு வேண்டியது.

கயாக் என்னும் ஒடுக்கமான சிறு படகில் கோலின் இரு நுனியிலும் பலகை உண்டு. பழைய நீராவிக் கப்பல்களின் பக்கச் சக்கரங்களிலும் இதே பலகைகள்தாம் சுற்றின. படகின் விளிம்பில் மாட்டி இழுக்கும் துடுப்பு வேறு வகை, அது நெம்புகோல். (அதை இழுப்பவர் பெரும்பாலும் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் அமர்வார்!)

நீரை ஓங்கி அடித்தால் படகு விரையும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் தெறிப்பதுதான் மிச்சம், பலகை முழுவதும் மூழ்கியபின் சீராக இழுக்க வேண்டும்.