மாதிரிப் படகுக்கு அடிப்பாரமாக எதை வைப்பது நல்லது: மணலா, இரும்பா, ஈயமா?

ஒரு மீட்டர் நீளமுள்ள உங்கள் ரேடியோ கட்டுப்பாட்டு இழுவைப்படகு நீர்க்கோடு வெளியே தெரிய மிதப்பதாகவும், அதை அமர்த்த இன்னும் 3 கிலோ தேவைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அடி தட்டையாக இருந்தால் இரும்புப் பட்டையையும், குறுகிக் கூராக இறங்கினால் ஈயத்தையும் நான் பரிந்துரைப்பேன். மணலை இரண்டுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே எடைக்கு எந்தப் பொருள் குறைந்த இடத்தை அடைக்கிறதோ அதுவே படகின் புவியீர்ப்பு மையத்தைக் கீழே வைத்திருக்கும். 3 கிலோ உலர் மணல் இரண்டு லிட்டருக்குச் சற்றே குறைந்த இடத்தை அடைப்பதால் அதன் மேல்மட்டம் உயர்ந்துவிடுகிறது. அதோடு, படகு சாயும்போது மணலும் அந்தப் பக்கமே சரிந்து சாய்வைக் கூட்டும். அதே எடையுள்ள இரும்புக்கு ஏறக்குறைய 380 கன சென்டிமீட்டரும், கெட்டியான ஈயத்துக்கு 265 கன சென்டிமீட்டரும் போதும்.

ஆனால் பலர் வாங்குவது கெட்டி ஈயமல்ல, ஈயக் குண்டுகள். குண்டுகளுக்கிடையே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காற்று இருப்பதால், கொட்டி வைத்த ஈயக் குண்டு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7 கிராம்தான் வருகிறது. கெட்டி இரும்போ 7.85 கிராம். ஆகவே தட்டையான அடியில் ஹார்டுவேர் கடையில் வெட்டி வாங்கும் மலிவான பட்டைக்கு ரெட் ஆக்சைடு பூசி வைப்பதே மேல். வளைந்த இடுக்குகளில் மட்டுமே குண்டுகளின் பயன் தெரியும். அவற்றைச் சிறு பைகளில் கட்டி வையுங்கள், தொட்டபின் கையைக் கழுவுங்கள். வீட்டில் ஈயத்தை உருக்கவே வேண்டாம்: அதன் புகையும் தூசும் நஞ்சு, அச்சில் சிறிது ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் வெடித்துத் தெறிக்கும்.

பேட்டரியை முதலில் அதன் இடத்தில் பொருத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, பாரத்தை நடுப்பகுதியை ஒட்டி நகர்த்திப் பாருங்கள். முனைகளில் குவித்தால் முகப்பு அலைமேல் எழத் தாமதிக்கும். படகு வெடுக்கென்று ஆடினால், பாரத்தின் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் சற்று உயர்த்திப் பிரித்து வைத்தால் ஆட்டம் நிதானப்படும். எபாக்சி பசை ஊற்றி நிரந்தரமாக்குவதைவிட, பெயர்த்தெடுக்கும்படி சிலிகான் கொண்டு ஒட்டுவதே நல்லது.

தண்ணீர் புகுந்தால் பாரம் ஏற்றிய படகு மூழ்கிவிடும் என்பதால், மேல்தளத்துக்கு அடியில் தெர்மோகோல் அடைத்துவிடுங்கள். 3 கிலோ இரும்பை மட்டும் தாங்கவே 2.6 லிட்டருக்குக் குறையாத தெர்மோகோல் வேண்டும், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும்.