மறு: சிவிடி காரில் எஞ்சின் இரைவது கோளாறா?

நண்பருக்கு வணக்கம். புதிய வடிவில் வந்துள்ள சிறிய காரின் சிவிடி (விகிதம் தானாகவே இடைவிடாது மாறும் தானியங்கி கியர்பெட்டி) வகையை ஓட்டிப் பார்த்தபோது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் முதலில் இரைவதாகவும் வேகம் பின்னரே கூடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது கோளாறன்று. சிவிடியில் தனித்தனி கியர்களுக்குப் பதிலாக இரண்டு கூம்பு வடிவக் கப்பிகளுக்கிடையே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. கப்பிகள் விரிந்தும் நெருங்கியும் விகிதத்தை இடைவிடாது மாற்றுவதால், அழுத்தி மிதிக்கும்போது எஞ்சின் தன் ஆற்றல் மிகும் சுழற்சியில் நின்றுகொள்ள, காரின் வேகம் மெல்ல அதை எட்டுகிறது. 1958இல் அறிமுகமான நெதர்லாந்து நாட்டு டாஃப் 600 காரிலும், ரப்பர் பட்டையுடன், இதே தத்துவம்தான் இருந்தது.

தினமும் நெரிசலில் ஊர்ந்து செல்வதாகச் சொல்வதால், உலர் கிளட்ச் (எண்ணெயில் நனையாத கிளட்ச்) கொண்ட இரட்டைக் கிளட்ச் வகையை, அதாவது ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்றும் இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்றுமாக இரு கிளட்ச்கள் உள்ள தானியங்கியை, நான் பரிந்துரைக்க மாட்டேன். நடைவேகத்தில் நகரும்போது அந்தக் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் இயங்கிச் சூடேறும். பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுக்கையில், பல கார்களில் லேசான உதறலை இருக்கையிலேயே உணரலாம். வளைவுச் சாலைகளில் அதன் விரைவான கியர் மாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும் என்பது வேறு விஷயம். உங்களுக்கு டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை எண்ணெய் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் அமைப்பு) கொண்ட வழக்கமான தானியங்கி வகையோ சிவிடியோ பொருந்தும். முடிவெடுக்கும் முன், ஒரு மேட்டில் நிறுத்தி, பாதி அழுத்தத்தில் மிதித்து ஏற்றிப் பாருங்கள். சிவிடியையே எடுத்தால், கையேட்டில் அதற்கெனக் குறிப்பிட்ட எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள்.