ரேடியோகிராஃபி முதலாண்டு: இயற்பியலுக்குப் பயந்த மகளின் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

போன வாரம் நீங்களும் மகளும் வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, ஆசைப்பட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கக் கற்றுத்தரும் பி.எஸ்சி. ரேடியோகிராஃபி சேர்ந்த பெண். முதல் இன்டர்னலில் இயற்பியலில் 50-க்கு 11 என்றதும் "எனக்கு வராதும்மா, நின்னுடறேன்" என்று அழுகிறாள். கூடவே உங்கள் நாத்தனார், அந்த எக்ஸ்ரே கதிர் உடம்பில் பட்டால் நாளைக்குக் குழந்தை குட்டி என்று வரும்போது சிக்கல் என்று சொல்லிவிட்டார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படிப்பை நிறுத்த வேண்டாம்.

அன்று நீங்கள் வெளியே போன் பேசப் போயிருந்தபோது விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். ‘ஹாஃப் லைஃப்’ கணக்கு, அதாவது ஒரு கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை வைத்துப் போடும் கணக்கு ஒன்றைத் தொடாமலே விட்டிருந்தாள். அதையே தமிழில் கேட்டேன்: "அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். ஒரு நாள் கழித்து எவ்வளவு மிஞ்சும்?" விரலை மடக்கினாள். பாதி, கால், அரைக்கால்… "பதினாறில் ஒரு பங்கு சார்" என்றாள். பத்து விநாடிகூட ஆகவில்லை. அணு மருத்துவ ஸ்கேன்களில் தினமும் புழங்கும் டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளின் கணக்கு அது. கேள்வித்தாளில் இருந்ததும் அதுதான் என்று காட்டியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அவளுக்குப் பாடம் தெரிகிறது, பெயர்தான் தெரியவில்லை. மின்னழுத்த வேறுபாடு, ஒளிமின் விளைவு, எதிர்த்தகவு இருமடி விதி எல்லாம் பிளஸ் டூ வரை படித்தவைதான். கல்லூரியில் அவை வேறு சட்டை போட்டு வந்து நிற்கின்றன. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், கீழே அதன் அலகு. அலகு இல்லாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

இனி வரும் பகுதியை அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

அம்மாடி, இந்தத் துறையில் இயற்பியல் என்றால் பெரும்பாலும் அளவுதான். கன்ட்ரோல் பேனலில் நீ தொடப்போகும் எண்களையே எடுத்துக்கொள். 200 மில்லிஆம்பியர், 0.1 விநாடி, பெருக்கினால் 20 எம்.ஏ.எஸ்., அதாவது மில்லிஆம்பியர்-விநாடி. 400 மில்லிஆம்பியர், 0.05 விநாடி வைத்தாலும் அதே 20. அப்புறம் ஏன் இரண்டு வழி? படுக்க வைத்த குழந்தை அழுது துள்ளுகிறது என்று வை. நேரம் பாதியானால் படம் கலங்குவது குறையும். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தவர்களுக்கெல்லாம் இது வரும்.

அதே 20 எம்.ஏ.எஸ்.ஸுடன் 80 கிலோவோல்ட் வைத்து வயிற்றுப் படம் எடுத்தால், எக்ஸ் கதிர்க் குழாய்க்குள் போகும் ஆற்றல் ஏறக்குறைய 1,600 ஜூல். 100 மில்லி தண்ணீரைக் கிட்டத்தட்ட 4 டிகிரி சூடாக்கப் போதுமான ஆற்றல் அது. அதில் எக்ஸ் கதிராக மாறுவது சுமார் 1 சதவீதம். மீதி முழுவதும் எலக்ட்ரான்கள் போய் மோதும் ஆனோடில் வெப்பமாக இறங்குகிறது, அதுவும் கடுகளவு இடத்தில். அதனால்தான் 3,400 டிகிரி தாண்டினால்தான் உருகும் டங்ஸ்டனை அங்கே வைத்திருக்கிறார்கள், அதைச் சுழலவும் விடுகிறார்கள். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் சீனியர் டெக்னீஷியன் வெறும் மேசைக்கு இரண்டு மூன்று எக்ஸ்போஷர் கொடுப்பதைப் பார்த்திருப்பாய். குளிர்ந்து கிடக்கும் ஆனோடில் எடுத்தவுடன் முழுச் சூட்டை இறக்கினால் விரிசல் விடலாம், அதற்குத்தான். அடுத்த முறை பார்க்கும்போது ஜூல் கணக்கை மனதில் போட்டுப் பார்.

எல்லாரும் குழம்புவது கிரேயிலும் சீவர்ட்டிலும்தான். பஜ்ஜி மிளகாய் 10 கிராம், குண்டூர் மிளகாய் 10 கிராம். எடை ஒன்றுதான், வாயில் வைத்தால் எரிச்சல் ஒன்றா? ஒரு கிலோ திசுவில் எத்தனை ஜூல் இறங்கியது என்பது கிரே. அது எடை மாதிரி. அந்த ஆற்றல் உடம்புக்குச் செய்யக்கூடிய கெடுதலையும் சேர்த்துச் சொல்வது சீவர்ட்; அது காரம். எக்ஸ் கதிருக்குப் பெருக்கும் எண் 1, ஆல்ஃபா துகளுக்கு 20. அத்துடன் மில்லிக்கும் மைக்ரோவுக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு இருக்கிறது என்பதை எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன்.

சரி அம்மா, நாத்தனார் சொன்னதற்கு வருகிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-ல். எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டேலி அதைக் கையில் மறுபடி மறுபடி வாங்கி, புண்ணாகி, கைகளை இழந்து, 1904-ல் புற்றுநோயில் இறந்தார். எவ்வளவு படுகிறது என்று அளக்க அன்று உலகம் ஒத்துக்கொண்ட அலகே கிடையாது. ராண்ட்கன் என்ற அலகு ஏற்கப்பட்டது 1928-ல்தான். உங்கள் மகள் சலித்துப்போய் உட்கார்ந்து படிக்கிறாளே அலகு, அந்தப் பாடம் இப்படிப் போன உயிர்களுக்குப் பிறகு வந்தது.

இன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்ப் பணியாளருக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்த பெண்ணுக்கு, வயிற்றுக் குழந்தைக்கான வரம்பு மீதிக் காலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக ஒருவருக்கு வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறது. ஒரு மார்பு எக்ஸ்ரேயில் படம் எடுத்துக்கொள்பவருக்கே ஏறக்குறைய 0.02தான். எடுப்பவர் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறார். வார்டில் போர்ட்டபிள் எடுக்கும்போது ஒரு மீட்டரில் நிற்பதற்குப் பதில் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் வருவது கால் பங்கு, மூன்று மீட்டர் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. எதிர்த்தகவு இருமடி விதி பரீட்சைக்கு மட்டுமா?

கவனம் வேண்டிய இடங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். இதய ரத்தக் குழாய் அடைப்பைப் பார்க்கும் கேத் லேபில் கதிர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நிற்க வேண்டிவரும். அங்கே ஈய ஏப்ரனைக் கழற்றவே கூடாது. ஒரு ஸ்கேன் மையத்தில் நான் பார்த்திருக்கிறேன், பணியாளர் மேல் பட்ட கதிரைப் பதிந்து வைக்கும் டி.எல்.டி. பேட்ஜ் ஐந்தும் மேசை டிராயரில் கிடந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளந்து வாங்க வேண்டிய பேட்ஜ் அது. டிராயர் எவ்வளவு வாங்கியது என்று தெரிந்து யாருக்கு என்ன பயன்? வேலைக்குச் சேரும் இடத்தில் சம்பளம் கேட்பதற்கு முன் "எனக்குப் பேட்ஜ் எப்போது தருவீர்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணிய வேண்டும்.

அடுத்த இன்டர்னலுக்கு ஐந்து வாரம் இருக்கிறது என்றாள். தினமும் ஆறு கணக்கு, அலகோடு. சனிக்கிழமை மாலை அந்த நோட்டையும் பழைய பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். எக்ஸ் கதிர்ப் பாடத்திலிருந்து ஆரம்பிப்போம். நீங்களும் வாருங்கள், அம்மா. அவள் கணக்குப் போடுவதை ஒருமுறை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.