பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியின் ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து, ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு ஸ்பூன் வீதம் கலந்து கொடுக்கலாமா?

வேண்டாம். சுமார் 21 கிராம் உள்ள பெரிய பாக்கெட்டை முழுவதுமாக ஒரே தடவையில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துவிடுங்கள். உப்பு, குளுக்கோஸ், பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட் எல்லாம் கலந்த பொடி அது. நீங்கள் அள்ளும் ஸ்பூனில் நான்கும் சரியான விகிதத்தில் வரும் என்று நம்ப முடியாது. மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், மீந்ததைக் கொட்டிவிடுங்கள். ஒரு டம்ளர்தான் வேண்டுமென்றால் 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டே கிடைக்கிறது. பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

அளவில் ஏன் இத்தனை கண்டிப்பு? சிறுகுடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நுழையும் ஒரு வழி இருக்கிறது. அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. 2002இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றியமைத்த கலவையில், லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் கரைசல் கெட்டியாகி, உடம்பிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுக்கும்; பேதி கூடும். ரத்தத்தில் சோடியம் ஏறிக் குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். ருசிக்காகச் சர்க்கரை சேர்ப்பதும், ஜூஸிலோ பாலிலோ கலப்பதும் இதே தவறுதான். தண்ணீர் கூடிப்போனால் இழந்த உப்பு ஈடாகாது.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மி.லி. கொடுங்கள். பலரும் தோற்பது வாந்தியில்தான்: தாகத்தில் குழந்தை மடமடவென்று குடிக்கும், உடனே எல்லாம் வெளியே வந்துவிடும், "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று ஊட்டுங்கள். தாய்ப்பாலும் கஞ்சியும் தொடரட்டும். துத்தநாக மருந்தை டாக்டர் சொன்னால், பேதி நின்றாலும் 14 நாளும் கொடுங்கள்.

நடுராத்திரியில் பாக்கெட் இல்லையென்றால்: ஒரு லிட்டர் தண்ணீர், 5 மி.லி. ஸ்பூனால் தலைதட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இதில் பொட்டாசியம் இல்லை, விடிந்ததும் பாக்கெட்டுக்கு மாறுங்கள்.

கண் குழிவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, மலத்தில் ரத்தம், எழுப்பியும் மயக்கம், குடிக்க முடியாமை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். குடிக்க முடிந்தால் வழியெல்லாம் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.