வீட்டில் தோட்டா நிரப்புதல்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் ரேஞ்சுக்குப் போய் இலக்குச் சுடுதல் பழகும் வாசகர்கள், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மறுபடியும் வெடிமருந்து நிரப்புவது பற்றி அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

38 ஸ்பெஷல் ரிவால்வர் வைத்திருக்கிறேன். வீட்டில் நிரப்ப உரிமம் வேண்டுமா? முதலில் என்ன வாங்கலாம்?
வாசகர், டெக்சஸ்

சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்கத் தொடங்கினால் தயாரிப்பாளர் உரிமம் எடுத்தாக வேண்டும். மாநில, நகர விதிகளும் வாடகை ஒப்பந்தமும் வேறு சொல்லலாம். அவற்றைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தொடங்குவதற்கு 38 ஸ்பெஷல் மிக நல்ல தேர்வு. கூடு நேராக இருப்பதால் கார்பைடு என்ற கடினப் பொருளால் ஆன டை (கூட்டை நுழைக்கும் அச்சு) போதும். கூட்டுக்கு எண்ணெய் தடவி, பிறகு துடைக்கும் வேலை மிச்சம். முதல் செலவு அச்சிட்ட நிரப்புக் கையேட்டுக்கு ஆகட்டும். அதன் பிறகு ஒரு இழுப்பில் ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரெஸ், மூன்று டை கொண்ட செட், கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், 0.1 கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் நுண்ணிய எடை அலகு) வரை காட்டும் தராசு, அதைச் சரிபார்க்கும் எடைக்கல், கூடுகளை நிறுத்தி வைக்க 50 குழி உள்ள பலகை, நீளம் அளக்கும் காலிப்பர், பாதுகாப்புக் கண்ணாடி. தவறாக நிரப்பியதைப் பிரிக்க புல்லட் புல்லரும் வேண்டும். எல்லாருக்கும் அது ஒருநாள் தேவைப்படும். கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டா விழும் புரோக்ரசிவ் பிரெஸ்ஸை இப்போது வாங்காதீர்கள். ஒரே நேரத்தில் நாலைந்து வேலை நடக்கும். எதில் பிசகியது என்று புதியவருக்குத் தெரியாது.

வேலையின் வரிசை என்ன?
வாசகி, நியூ ஜெர்சி

கூடுகளைச் சுத்தம் செய்து ஒவ்வொன்றாகப் பார்வையிடுங்கள். முதல் டை கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கி, தீர்ந்துபோன பிரைமரையும் (மருந்தைப் பற்றவைக்கும், கூட்டின் அடியில் உள்ள சிறு மூடி) தள்ளிவிடும். இரண்டாவது டை வாயைச் சற்றே விரிக்கும். குண்டின் அடி உட்கார இடம் கிடைத்தால் போதும். அதற்கு மேல் விரித்தால் பித்தளை சீக்கிரம் கிழியும். பிறகு புதிய பிரைமர். அது கூட்டின் அடிப்பரப்புக்கு ஒரு இழை உள்ளே நிற்க வேண்டும். விரலால் தடவினால் தெரியும். வெளியே துருத்தினால் ரிவால்வரின் சிலிண்டர் சுற்றாமல் இறுகும். ஏறாத பிரைமரை அழுத்தித் திணிக்காதீர்கள், கையிலேயே வெடிக்கும்.

அடுத்து மருந்து. அளவைக் கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பியுங்கள். மருந்தின் பெயர், குண்டின் எடை, குண்டின் வகை மூன்றும் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நண்பர் சொன்ன அளவு வேண்டாம். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். அரை கிரெய்ன் கூடினாலே அழுத்தம் எகிறக்கூடிய மருந்துகள் உண்டு. மின்விசிறிக் காற்று பட்டால் தராசு பொய் சொல்லும், அதை நிறுத்திவிட்டு நிறுங்கள்.

கடைசியில் குண்டைப் பதித்து வாயை இறுக்கி, மொத்த நீளத்தைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். குண்டு அதிகம் உள்ளே போனால் இடம் குறைந்து அழுத்தம் ஏறும்.

எதில் பெரிய ஆபத்து?
வாசகர், மிச்சிகன்

மருந்து இரண்டு தடவை விழுவதிலும், விழாமலே போவதிலும்.

38 ஸ்பெஷல் 1898-இல் கரிமருந்துக்காக உருவான கூடு. அதனால் உள்ளே இடம் அதிகம். இன்றைய புகையற்ற மருந்து அதில் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது, குண்டும் சிரமமில்லாமல் உட்காரும். சுடும்போது சிலிண்டரே பிளக்கும். ஆகவே கையேட்டில் உள்ள மருந்துகளில் கூட்டின் பாதிக்கு மேல் நிரம்பும் பருமனான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் தடவை போட்டால் பலகை மேலேயே வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

50 கூடுகளையும் நிரப்பிய பிறகு, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று சந்தேகமாகப் பட்டால் கொட்டிவிட்டு மறுபடி நிறுங்கள். இந்த ஒரு பார்வைக்காகத்தான் பலகை; இதை விட்டுவிட்டு நிரப்புவதாக இருந்தால் நிரப்பவே வேண்டாம். தொலைபேசி வந்தாலும் வரிசையை முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

மருந்தே இல்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு குழலுக்குள் பாதியில் சிக்கும். சத்தம் 'புஸ்' என்று அடங்கும், உதைப்பும் இருக்காது. உடனே நிறுத்துங்கள். துப்பாக்கி முனையை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுத்து, தோட்டாக்களை இறக்கி, குழல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 'அடுத்தது சரியாகப் போகும்' என்று சுட்டால் குழல் வீங்கும், அல்லது வெடிக்கும்.

எந்தக் கூட்டைக் கழிக்க வேண்டும்? 308 ரைஃபிளுக்கும் நிரப்ப ஆசை.
வாசகர், அரிசோனா

ரிவால்வர் கூட்டில் வாயிலிருந்து கீழே ஓடும் மயிரிழை விரிசலைத் தேடுங்கள். ரைஃபிள் கூட்டில் பிரச்சினை அடியில். அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், உள்ளே பித்தளை மெலிந்திருக்கிறது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைத்து உள்சுவரில் இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூடு குப்பைக்கு. சுருக்கும்போது தோள்பட்டையை (கூடு வாய்ப்பக்கம் குறுகும் இடம்) அளவுக்கு மேல் பின்னே தள்ளுவதுதான் வழக்கமான காரணம். சுடும் ஒவ்வொரு தடவையும் கூடு நீண்டு, அடியில் மெலியும்.

பிரைமர் தளர்வாக உட்கார்ந்தாலும் கழியுங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு, வேண்டாம். உள்ளே எட்டிப் பார்க்கும்போது நடுவில் ஒரு ஓட்டைக்குப் பதில் இரண்டு சிறு ஓட்டைகள் தெரிந்தால் அது பெர்டன் என்ற வகைக் கூடு, வேண்டாம். பழைய பிரைமரைத் தள்ளும் டையின் ஊசிதான் உடையும்.

மருந்தை எப்படி வைப்பது? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.
வாசகி, கலிபோர்னியா

வாங்கிய டப்பாவிலேயே, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில், பூட்டி. கேரேஜ் வெயில் ஆகாது. காற்றுப் புகாத இரும்புப் பெட்டி பாதுகாப்பு என்று தோன்றும். தீப்பிடித்தால் உள்ளே அழுத்தம் கட்டி அதுவே வெடிக்கும். 20 பவுண்டு வரை அதன் டப்பாவிலேயே இருக்கலாம், அதற்கு மேல் 50 வரை ஒரு அங்குலத் தடிப்புள்ள மரப்பெட்டி என்பது அங்குள்ள தேசிய தீயணைப்புத் தரநிலை. உள்ளூர்த் தீயணைப்புத் துறையிடமும் கேளுங்கள்.

பிரைமர்களை ஒருபோதும் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைக்காதீர்கள். ஒன்று வெடித்தால் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா. மீந்ததை அதிலேயே திருப்பி ஊற்றுங்கள், கலந்ததைத் தூக்கி எறியுங்கள். பிரைமர் புகைக்கரியில் ஈயம் இருக்கிறது. கூடு சுத்தம் செய்யும் தூசியைச் சிறுவர்கள் பக்கம் கொண்டுவராதீர்கள், கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

செலவு குறையுமா?
வாசகர், ஜார்ஜியா

பித்தளை சொந்தமாக இருந்தால் ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவு குறையும். சாதாரண 9 மில்லிமீட்டருக்கு அந்த வித்தியாசம் சொற்பம், கருவிகளின் விலை திரும்பக் காலம் பிடிக்கும். 38 ஸ்பெஷலுக்கும் ரைஃபிளுக்கும் நன்றாகவே தெரியும்.

சென்னையில் ரைஃபிள் கிளப் உறுப்பினர் நான். உரிமம் இருக்கிறது. கூடுகளை நிரப்பலாமா?
வாசகர், சென்னை

கூடாது. உங்களிடம் இருப்பது துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் கேட்கிறது. மேலும் கிளப்பில் பெரும்பாலோர் சுடும் 22 தோட்டாவில் பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைத்திருக்கும். அது வீட்டில் நிரப்பும் வகையே அல்ல.